விமானச் சீட்டுப் பாய்

என் பாயைச் சுவரில் மாட்டி, பக்கத்தில் "தொடாதீர்கள்" என்று அட்டை வைத்த அன்று, ஓட்டாரா பேட்டையிலிருந்து எங்கள் சமோவாப் பெண்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். கலைக்கூடத்துக்குள் நுழைந்ததும் எல்லோருடைய குரலும் தானாகத் தாழ்ந்தது, என் அண்ணன் மனைவி மகெரிதாவைத் தவிர. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாய்மேல் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள். காவலாளி இருமினார்.

"பின்னல் நல்லாத்தான் இருக்கு. ஆனா சுவத்துல தொங்குனா அது பாய் இல்லடி ஐலினி, ஜன்னல் திரை. பாய்னா ஒருத்தர் கையில குடுக்கணும்."

"குடுக்கத்தான் அண்ணி போறேன். இவங்களே நிரந்தரமா வச்சுக்கறோம்னு கேட்டிருக்காங்க."

"பெட்டிக்குள்ள பூட்டி வைக்கவா? அப்ப சரி."

அந்த 'அப்ப சரி' சுருக்கென்று தைத்தது. நான் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவள். பயணிகளின் பெட்டிகளில் கட்டும் வெள்ளைச் சீட்டுகள் கிழிந்து தரையில் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி, நூல் போல மெல்லிசாகக் கீறி, தாழை ஓலையோடு கலந்து, சனிக்கிழமை தவறாமல் தேவாலயக் கூடத்தில் உட்கார்ந்து மூன்று வருடம் பின்னினேன். ஓரத்தில் முறைப்படி சிவப்பு இறகுகள். அதற்கு மேலே, சமோவாவுக்குப் போகும் பெட்டிகளின் சீட்டிலிருந்து தலைநகரின் பெயரான 'ஆப்பியா' என்ற எழுத்துகள் மட்டும் வரிசையாக வரும்படி வைத்தேன். நான் பிறந்தது ஆக்லாந்தில். சமோவா மொழியில் திட்டு வாங்கத் தெரியும், திருப்பித் திட்டத் தெரியாது. விரல்களுக்குப் பின்னல் பிடிபட்ட பிறகுதான் நானும் இவர்களில் ஒருத்தி என்று தலைநிமிர்ந்து நடந்தேன். கலைக்கூடத்து ஃபிலிப்பா அதை 'நவீனக் கலை' என்று அட்டையில் எழுதியது சந்தோஷம்தான். ஆனால் எங்கள் ஆட்கள் அதைப் பாய் என்று சொல்ல வேண்டும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

பத்து நாள் கழித்து அண்ணியின் அப்பா இறந்துபோனார். எங்கள் வழக்கப்படி மருமகன் வீட்டிலிருந்து சாவு வீட்டுக்குப் பாய் போயாக வேண்டும். அண்ணன் வீட்டில் இருந்ததெல்லாம் போன மாதக் கல்யாணத்தில் கைமாறிவிட்டது. ஊரெல்லாம் போன் போட்டு விசாரித்த அண்ணன் என்னிடம் மட்டும் கேட்கவில்லை. என்னிடம் இருப்பது அவன் கணக்கிலும் பாய் இல்லை போலிருக்கிறது. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

நேரே ஃபிலிப்பாவிடம் போனேன்.

"கண்காட்சி முடிய இன்னும் அஞ்சு வாரம் இருக்கே ஐலினி. உன் பாயை வாங்குறதுக்குக் குழு செவ்வாக்கிழமைதான் கூடுது."

"அடக்கம் சனிக்கிழமை, ஃபிலிப்பா."

 அவளே போய் ஏணியைக் கொண்டுவந்தாள். எனக்கும் ஒரு ஜோடி கையுறை நீட்டினாள். வேண்டாம் என்றேன்.

சனிக்கிழமை தேவாலயக் கூடம் நிறைந்திருந்தது. அண்ணி சவப்பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னோடு பின்னும் வாஓசா ஒரு நுனியைப் பிடித்தாள், நான் மறுநுனியை. பாயை விரித்துப் பிடித்து நடந்தோம். பாய் விரிந்ததும் பெறுகிற வீட்டார் "சாஓ!" என்று குரல் எழுப்பி நன்றி சொல்ல வேண்டும். எழுப்பாவிட்டால் அண்ணனுக்கு மாமனார் வீட்டார் முன்னால் தலைகுனிவு. பத்தடி நடந்தோம். ஒரு சத்தமும் இல்லை. முன்வரிசையில் யாரோ "இது என்ன, பிளாஸ்டிக்கா?" என்றார்கள். 

அழுது வீங்கிய கண்ணோடு அண்ணி நிமிர்ந்தாள்.

"திருப்பிப் பிடிடி, கழுதை! நல்ல பக்கத்த நீயே பாத்துக்கிட்டு வர்ற, எங்களுக்கு முதுகக் காட்டுற!"

குனிந்து பார்த்தேன். உண்மைதான். மூன்று வருடம் பின்னியவள், பதற்றத்தில் பளபளக்கும் பக்கத்தை என் பக்கமாகப் பிடித்திருந்தேன். கூடத்தில் சிரிப்பு வெடித்தது. சவப்பெட்டியை வைத்துக்கொண்டே சிரித்தார்கள். வாஓசா பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றி வந்தாள். பாய் திரும்பியது, வெளிச்சத்தில் ஓலை மின்னியது, சிவப்பு இறகுகள் அசைந்தன.

"சாஓ!" என்றாள் அண்ணி. முதல் குரல் அவளுடையது. உடைந்த குரல்தான், ஆனாலும் கூடத்தின் கடைசிவரை கேட்டது. அடுத்து அவள் அக்காக்கள், அப்புறம் மொத்தக் கூடமும். என் நெஞ்சு அவ்வளவு பெரிசாக அதற்கு முன் விரிந்ததில்லை. அண்ணியின் மடியில் பாயை வைத்தேன். அவள் எழுத்து வரிசையை ஒரு தடவை விரலால் தடவினாள்.

எங்கள் பாய்கள் ஒரே வீட்டில் தங்குவதில்லை; அன்று சாயங்காலமே அது அவர்கள் வீட்டிலிருந்து வேறு யாருக்கோ போய்விட்டது. செவ்வாய்க்கிழமை ஃபிலிப்பா போன் செய்தாள்.

"இப்ப யாருகிட்ட இருக்கு?"

"தெரியாது."

"தெரியாதா? வருத்தமா இல்லையா உனக்கு?"

"பெருமையா இருக்கு" என்றேன். அவள் சுவரில் ஆணிகளையும் அட்டையையும் அப்படியே விட்டிருப்பதாகச் சொன்னாள்.

மூன்று வாரம் போயிருக்கும். ஆப்பியா விமானத்துக்குப் பெட்டிகள் நகரும் பட்டையில் வந்துகொண்டிருந்தன. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில், பூப்போட்ட படுக்கை விரிப்பில் சுற்றிய மூட்டை ஒன்று வந்தது. அவிழ்ந்திருந்த ஒரு மூலையில் இரண்டு சிவப்பு இறகுகள், அவற்றுக்கு மேலே நான் வைத்த எழுத்துகள். கட்டிய கயிற்றில் புதிதாக ஒரு வெள்ளைச் சீட்டு, அதிலும் அதே எழுத்து. பின்னாலிருந்து மேற்பார்வையாளர் "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்தினார். மூலையை உள்ளே மடித்துச் செருகி, இரண்டு கையாலும் அதைத் தூக்கி வண்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.