கேற்றடியில் நின்ற பிள்ளை

வினோஜா செத்து எட்டாம் நாள் எட்டுச்செலவும் முடிந்த மறுநாள், அவள் பள்ளிக்கூடக் கேற்றடியில் புத்தகப் பையோடு நிற்பதைத் தனுசியா கண்டாள். அந்தப் பள்ளிக்கூடம், கணினி அறையில் தலையில் மாட்டுகிற கறுப்புக் கண்ணாடி ஒன்றுக்குள் இருந்தது. தனுசியா கத்தவில்லை. "மழை பெய்யுது, உள்ளுக்கை வந்து நில்லனடி" என்று தன் சிநேகிதியைக் கூப்பிட்டாள். வரமாட்டேன் என்று அவள் தலையாட்டியதும், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பிரதீபா ரீச்சரிடம் போய்ச் சொன்னாள். ரீச்சர் முதலில் தனுசியாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. ஆனால் சீருடை தோளிலிருந்து இடுப்பு வரை நனைந்திருந்தது. வெளியே வெங்காயம் காயப்போடக்கூடிய நல்ல வெயில்.

சுன்னாகத்துக்குக் கிழக்கே, தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்துக்கு வீ.ஆர். கண்ணாடிகள் வந்த கதை ஊரறிந்தது. குடிதண்ணீருக்கு ஒரு தாங்கி வேண்டும் என்றுதான் அதிபர் வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கு எழுதியிருந்தார். வந்தது இது. வந்ததை வேண்டாமென்று சொல்லுகிற வழக்கம் ஊரில் இல்லை ஆகையால், மேளம் அடித்து வரவேற்றார்கள். தொடக்கத்திலிருந்தே அவற்றுக்குப் புத்தி சரியில்லை. மின்சாரம் இறங்கினால் உள்ளேயிருக்கும் சுவர்கள் சரியும். பிள்ளைகள் நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்பார்கள். ஒருநாள் வலயக் கல்வி அதிகாரி உள்ளே போய்த் தன் மீசையைக் கரும்பலகையில் கண்டுவிட்டு, நல்ல முயற்சி என்று பாராட்டிவிட்டுப் போனார்.

பத்தாம் வகுப்புக்கு, தாங்கள் படிக்க விரும்பும் பள்ளிக்கூடத்தை அந்தக் கண்ணாடிக்குள் கட்டச் சொல்லியிருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் நீச்சல் தடாகமும் மின்தூக்கியும் வைத்தபோது, வினோஜா தங்கள் பள்ளிக்கூடத்தையே திரும்பக் கட்டினாள். பெண்பிள்ளைகளின் கழிவறைக் கதவுக்குக் கொண்டி வைத்தாள். குழாயில் தண்ணீர் வரவைத்தாள். வாசலில் நிழலுக்கு ஒரு வேம்பு. மழைக்கு முன்னால் புழுதி மணக்கவும் செய்தாள். அது எப்படியென்று கேட்டால் தனக்கே தெரியாது என்பாள். உள்ளே வருகிறவர் எவராயினும் சீருடையில்தான் தெரிய வேண்டும் என்று ஒரு சட்டமும் போட்டிருந்தாள். பெண்களுக்கு விதவிதமாக முகம் செய்தவள், ஆண்களுக்கு வரும்போது அலுத்துப்போய் ஒரேயொரு உருவத்தோடு விட்டுவிட்டாள். எண்ணெய் வைத்துச் சீவிய தலையும் நீலக் கட்டைக் காற்சட்டையும் கொண்ட ஆறாம் வகுப்புப் பெடியன். அதிபர் உள்ளே போனாலும் அந்தப் பெடியன்தான்.

பிழை வாணி விழாவன்று நடந்தது. புத்தகங்களும் கருவிகளும் கும்பத்தின் முன் வைக்கப்படுகிறபோது கண்ணாடிகளையும் வைக்க வேண்டும் என்பதில் எவருக்கும் சந்தேகம் வரவில்லை. அவையும் படிப்புச் சாமான்கள்தானே. வினோஜா கடைசி நிமிடம் வரை உள்ளே ஏதோ திருத்திக்கொண்டிருந்தாள். கழற்றிக்கொண்டு ஓடிவந்து, மின்கம்பியும் கொழுவினபடி, வெளியேறாமலே கும்பத்தடியில் வைத்தாள். பிரதீபா ரீச்சர் பக்தியோடு ஒவ்வொரு கண்ணாடிக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டார். பொட்டு வைக்க வாகாக முன்பக்கத்தில் சின்னச் சின்ன வட்டங்கள் இருந்தன. அவை கண்ணாடியின் கமராக் கண்கள் என்பது அப்போது ரீச்சருக்கு ஞாபகம் இல்லை. "ரீச்சர், நான் உள்ளுக்கை நிக்கிறன், நிப்பாட்டேல்லை" என்று வினோஜா சொன்னாள். "பூசைக்கு வைச்சதிலை இனிக் கை வைக்கப்படாது பிள்ளை. விஜயதசமியண்டு எடுத்து நிப்பாட்டுவம்" என்றார் ரீச்சர். விஜயதசமியன்று பள்ளிக்கூடம் முழுக்கச் சுடலைக்குப் போயிருந்தது.

வினோஜாவின் அப்பா சிவகரன் நேரத்துக்கு ஓரிடம் போய்ச் சேர்ந்த மனிதனில்லை. தன் கலியாணத்துக்கே முகூர்த்தம் தப்பப் பார்த்தது என்று அவன் மனைவி அருந்ததி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். தோட்டத்தில் வெங்காயம் செய்கிறவன். சுன்னாகம் சந்தைக்குப் போனால் கண்டவர் நின்றவரோடெல்லாம் கதைத்து முடித்துத்தான் மோட்டார்சைக்கிளை எடுப்பான். மகள் ஒருமுறை காத்துக் களைத்து நடந்து வந்தபோது நன்றாக ஏசினான். "நான் வாற வரைக்கும் கேற்றடியை விட்டு அசையப்படாது." வாணி விழாவன்று வினோஜா கேற்றடியில் நெடுநேரம் நின்றாள். வானம் இருண்டது. அப்பாவுக்கென்று பூசையில் வாங்கிய அவல் பொட்டலம் நனைந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ, நடக்கத் தொடங்கினாள். மண் ஏற்றிய ரிப்பர் லொறி ஒன்று வளைவில் அவளை அடித்தது. சிவகரன் அந்த நேரம் சந்தையில் யாரோ ஒருவரோடு கதைத்துக்கொண்டிருந்தான். என்ன கதைத்தான் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை. மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் அவனைத் தின்றது. றோட்டிலிருந்து பொறுக்கித் தந்த பைக்குள் புத்தகங்கள் இருந்தன, செருப்பு இருந்தது, குடையும் இருந்தது. அவல் பொட்டலம் மட்டும் இல்லை.

பிரதீபா ரீச்சர் ஆளனுப்பியபோது அவன் பிந்தித்தான் வந்தான். கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். மழைக்கு முன்னான புழுதி மணத்தது. வேம்புக்குக் கீழே, கையில் வாழையிலைப் பொட்டலத்தோடு அவன் பிள்ளை நின்றது. இடது காதடியில் அடங்காமல் நிற்கும் அந்த மயிர்ச்சுருள் கூட அப்படியே இருந்தது. சிவகரன் வாய்விட்டு அழுதபடி கிட்டப் போனான். வினோஜா குனிந்து பார்த்தாள்.

"தம்பி, நீ ஆரின்ரை பெடியன்? ஏன் அழுகிறாய்?"

"நான் அப்பா, குஞ்சு. உன்ரை அப்பா."

அவள் சிரித்துவிட்டாள். "உவன் எனக்கு அப்பாவாம்! ஆரும் அடிச்சவங்களோ தம்பி? என்னோடை நில். எங்கடை அப்பா வந்தோடனை உன்னையும் வீட்டை கொண்டுபோய் விடச் சொல்லுறன்."

அதற்குப் பிறகு சிவகரன் ஒவ்வொரு நாளும் போனான். வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்காமல் தாள் மஞ்சளாகிப் படுத்தது. மகளுக்குப் பக்கத்தில், வேம்படியில், கட்டைக் காற்சட்டையோடு குந்தியிருந்தான். வீட்டு நாயின் பெயர் சொல்லிப் பார்த்தான். அவள் சின்னதில் விழுந்து முழங்கால் கிழிந்த கதை சொல்லிப் பார்த்தான். தனுசியா சொல்லித் தந்திருப்பாள் என்றாள் அவள். பொட்டலத்தைத் தொடப் போனால் கையைத் தட்டிவிடுவாள். "அது அப்பாவுக்கு." அப்பாவைப் பற்றி அந்தப் பெடியனிடம் அவள் நிறையச் சொன்னாள். கதை கண்டால் நின்றுவிடுவார், சாப்பிடும்போது சிரிப்புக் காட்டுவார், கோபம் வந்தால் பெரிசாகச் சத்தம் போட்டுவிட்டு ஐஸ்கிறீம் வாங்கித் தருவார். "பிந்தித்தான் வருவார் தம்பி. ஆனால் வருவார்" என்றாள். அன்று சிவகரன் கண்ணாடியைக் கழற்றியபோது அதற்குள்ளிருந்து அரைச் சிரட்டை தண்ணீர் கொட்டியது. அது மழையா, அவனுடைய கண்ணீரா என்று எவரும் கேட்கவில்லை.

ஊர் அதைப் பெரிய அதிசயமாக எடுக்கவில்லை. பிள்ளையைக் காணக் கிடைத்ததே என்றார்கள் சிலர். அலைய விடாமல் ஏதாவது செய்யுங்கோ என்றார்கள் வேறு சிலர். அருந்ததி மட்டும் கணினி அறைப் பக்கம் போக மறுத்துவிட்டாள். "நீர் ஒருக்கால் வந்து பாருமன்" என்று அவன் கெஞ்சினான். "நான் பெத்த பிள்ளை என்னைப் பாத்து நீ ஆரெண்டு கேட்டால், நான் அந்த இடத்திலையே செத்துப்போவன்" என்றாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை, கண்ணாடிகளைப் பார்க்கச் சங்கம் மயூரதன் என்ற பெடியனை அனுப்பியது. அவன் ஒரு கண்ணாடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கமராக் கண்ணெல்லாம் சந்தனம் காய்ஞ்சு கிடக்கு, எது உள், எது வெளியெண்டு உதுக்குத் தெரியேல்லை" என்றான். துடைத்து, எல்லாவற்றையும் அழித்து, முதலிலிருந்து ஏற்ற வேண்டுமாம். சிவகரன் அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். மயூரதன் ஈரமுள்ள பிள்ளை. தானும் உள்ளே போனான். ஆரின்ரை பெடியன் என்ற கேள்விக்குத் தன் தாயின் பெயரைச் சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

"அண்ணை, நான் கை வைக்காட்டிலும் உது நிக்காது. உள்ளுக்கை பெய்யிற மழை மெசினுக்குள்ளை இறங்குது. பாதிப் பள்ளிக்கூடம் ஏற்கெனவே இல்லை. நாளைக்கோ நாளையிண்டைக்கோ எரிஞ்சு போகும். அப்ப அந்தப் பிள்ளை எங்கை நிக்கும்?"

உண்மைதான். வகுப்பறைகள் இருந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறம் நின்றது. வேம்பு இலை கொட்டியிருந்தது. கேற்றும் வினோஜாவும் மட்டும் மிச்சம். மறுநாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு அழிப்பது என்று முடிவாயிற்று.

அன்று பின்னேரம் சிவகரன் அவளுக்குப் பக்கத்தில் இருந்து வீட்டுக்கு வா, வா என்று அழுதுகொண்டிருந்தான். அவள் மறுத்துக்கொண்டிருந்தாள். அப்பா அசையப்படாது என்று சொன்னவர், ஒருநாளும் இனி அசையமாட்டேன் என்றாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. புருஷனைக் கூட்டிப்போக வந்த அருந்ததி பள்ளிக்கூட வாசலிலேயே நின்று, அங்கே விட்டிருந்த அவனுடைய மோட்டார்சைக்கிளின் கோண் பொத்தானை இரண்டு தரம் அமத்தி அவனைக் கூப்பிட்டாள். பற்றறி குறைந்து, தாரா வாத்துக் கத்துவது போலச் சத்தம் போடும் கோண் அது.

வேம்படியில் வினோஜா துள்ளி எழும்பினாள். "அப்பா வந்திட்டார்!" பையைத் தூக்கிக்கொண்டு கேற்றுக்கு ஓடினாள். எட்டி இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி வந்து பழைய இடத்தில் நின்றாள். "மோட்டார்சைக்கிள் நிக்குது. அப்பாவைக் காணேல்லை" என்றாள். அவள் முகம் விழுந்த விழுகையைச் சிவகரன் சாகும் வரை மறக்கப் போவதில்லை. ஏனென்றால் அவளுடைய அப்பா அந்த நேரம் அவளுக்கு முன்னால், ஆறாம் வகுப்புப் பெடியனாகக் குந்தியிருந்தான். உள்ளே வந்து அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரைக்கும் அவன் அவளுக்கு யாரோ. அவளைக் கூட்டிப்போக வேண்டுமானால் வெளியே, சைக்கிளில் இருக்க வேண்டும். வெளியே இருந்தால் அந்த முகத்தை இனிக் காண முடியாது.

மறுநாள் விடிய எழும்பிச் சிவகரன் முகம் வழித்தான். சந்தைக்குப் போகவில்லை. மதியம், பள்ளிக்கூடம் விடுவதற்கு நெடுநேரம் முன்னதாகவே மோட்டார்சைக்கிளோடு கேற்றடியில் வந்து நின்றான். அவனை அந்த நேரத்தில் கண்ட காவலாளி தன் மணிக்கூடுதான் பிழையாக்கும் என்று நினைத்தார். தனுசியா கணினி அறையிலிருந்து ஓடிவந்தாள். "மாமா, இன்னும் நேரமிருக்கு. கடைசியா ஒருக்கால் வந்து பாத்திட்டுப் போங்கோ." சிவகரன் இருக்கையை விட்டு அரைவாசி எழும்பினான். பிறகு இருந்தான். "இல்லைப் பிள்ளை. நான் உள்ளுக்கை வந்தால் பிந்திப்போகும்" என்றான்.

மணி அடித்தது. அவன் கோணை இரண்டு தரம் அமத்தினான். பிள்ளைகள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். உள்ளே கண்ணாடியோடு இருந்த தனுசியா, வினோஜா தலை நிமிர்ந்ததையும், பின்னல் ஆட ஓடினதையும், கேற்றைத் தாண்டினதையும் கண்டு பிறகு சொன்னாள். "முகமெல்லாம் சிரிப்பு மாமா" என்றாள். சிவகரன் கண்டது வெறும் வெயிலை. ஆனால் மோட்டார்சைக்கிளின் பின்பக்கம் பதிந்தது. பின்சில்லு ரயர் கொஞ்சம் நெரிந்தது. அவன் வழக்கம்போல, "பிடிச்சிட்டியோ?" என்று கேட்டுவிட்டு, ரிப்பர் ஓடாத சின்ன ஒழுங்கைப் பாதையால் மெதுவாக வீட்டுக்கு ஓடினான். கணினி அறையில் மயூரதன் சந்தனத்தைத் துடைத்தான். உள்ளே அழிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

வீட்டுப் படலையடியில் சைக்கிள் இலேசானது. கைபிடியில் ஒரு வாழையிலைப் பொட்டலம் தொங்கியது. அவல் பழுதாகவில்லை. தேங்காய்ப்பூக் கூட அன்று துருவியது போலிருந்தது. அருந்ததி அதைக் கையில் வாங்கிக்கொண்டு படலையிலேயே இருந்து அழுதாள். அப்போதுதான் அவள் முதன்முதலாக வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் காலையிலும் பின்பக்கம் பதிந்தது. படிக்கிற பிள்ளை பள்ளிக்கூடம் போகத்தானே வேண்டும். அன்றிலிருந்து சிவகரன் காலையில் கொண்டுபோய் விட்டு, மணி அடிக்க முன்னம் போய் நிற்கிறான். போக்குவரத்துப் பொலிஸ்காரர் ஒருவர் மறித்து, பின்னுக்கு இருக்கிறவருக்குத் தலைக்கவசம் எங்கே என்று கேட்டுத் தண்டம் எழுதியதிலிருந்து, இரண்டாவது தலைக்கவசமும் கொண்டு போகிறான். அவன் அடிக்கடி திரும்பிப் பார்ப்பான். ஒன்றும் இருக்காது. திரும்பிப் பார்த்ததற்காகப் பாரம் குறைந்ததும் இல்லை. தனுசியா பரீட்சை எழுதி உயர்தரத்துக்கு வேறு பள்ளிக்கூடம் போய்விட்டாள். பின்பக்கத்துச் சில்லு போன வருடத்தை விட இந்த வருடம் கொஞ்சம் கூடப் பதிகிறது. பிள்ளை வளருகிறது, பின்னுக்குக் காற்றுக் கூட்டி அடிக்க வேணும் என்கிறார் ரயர்க் கடைக்காரர். வளர்ந்த முகம் எப்படியிருக்கும் என்று சிவகரனுக்குத் தெரியாது. தெரியாமலிருப்பது அவனுக்கு ஒவ்வொரு நாளும் நோகிறது.

வாணி விழாவுக்கு இப்போதும் கண்ணாடிகளைக் கும்பத்தடியில் வைக்கிறார்கள். பிரதீபா ரீச்சர் பொட்டைக் கமராக் கண்களில் படாமல் தலைப்பட்டியில்தான் வைக்கிறார். அன்று வீட்டுக்கு வரும்போது கைபிடியில் பொட்டலம் தொங்கும். அருந்ததி அதை மூன்றாகப் பிரித்து வைத்துவிட்டு, "இண்டைக்கு நேரத்துக்குப் போனியளோ?" என்று கேட்பாள். ஓம் என்பான் சிவகரன். இந்த முறை சீனி கொஞ்சம் கூடிப்போயிருந்தது.