பீரோவும் கறுப்புக் கோட்டும்

சலவைக் கடையின் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த வங்கி அதிகாரி, பதினெட்டு வருட வாடிக்கை, பீரோ என்று கடையில் கூப்பிடுகிற பழைய ஆளைத் தாண்டிப் போய், வேலைக்கு வந்த புதுப்பெண்ணின் முன்னால் நின்றார். அவள் டோக்கனைக்கூடக் கேட்கவில்லை. உள்ளே போனாள், சாம்பல் நிறப் பேண்ட் இரண்டும் கோடு போட்ட சட்டை மூன்றுமாகத் திரும்பி வந்தாள். "காலர்ல இருந்த மைக்கறை போயிடுச்சு சார்" என்றாள். பீரோவுக்கு வயிறு எரிந்தது. அந்தச் சட்டையை வாங்கி வைத்தவரே அவர்தான். மைக்கறை என்று ஒன்று இருந்ததாகவே அவருக்கு நினைவில்லை.

பீரோ என்பது முதலாளி வைத்த பெயர். கடையில் இருக்கிற அத்தனை துணியும் அந்த மனுஷன் தலைக்குள் மடித்து அடுக்கியிருக்கிறது என்பார் முதலாளி. இருபத்திரண்டு வருடமாக அதுதான் பேச்சு. டோக்கனைத் தொலைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு வருகிறவர்களை முகத்தைப் பார்த்தே, "கல்யாணத்துக்குப் போட்ட பச்சைப் பட்டுதானேம்மா, இரண்டாவது கம்பி" என்று சொல்லி அனுப்புவார். அவர்கள் வாயைப் பிளந்து நிற்கிற அந்த ஒரு நிமிடத்துக்காகவே அவர் வேலைக்கு வந்தார் என்று சொன்னாலும் தப்பில்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் இவள் வந்து சேர்ந்தாள். புதுப்பெண் என்று பேர்தான், நாற்பதைத் தாண்டியிருப்பாள். இதற்கு முன் ஒரு மழலையர் பள்ளியில் ஆயாவாக இருந்தவள். அறுபது பிள்ளைகளின் நூற்றிருபது செருப்பில் எது யாருடையது என்று தெரிந்து வைத்திருந்தவளுக்குச் சட்டையும் கோட்டும் எந்த மூலைக்கு? வந்த இரண்டாம் மாதமே வாடிக்கையாளர்கள் அவள் பக்கம் சாய ஆரம்பித்தார்கள். "உனக்கு ஒரு ஜோடி கிடைச்சாச்சு பீரோ" என்று முதலாளி வேறு பல்லைக் காட்டினார். அன்று பீரோவுக்குச் சோறு இறங்கவில்லை.

விடுவாரா? ஞாபக சக்தியை வளர்ப்பது எப்படி என்று செல்போனில் தேடித் தேடிப் பார்த்தார். ஒன்பதரைக்கெல்லாம் படுத்தார். பாதாமை ஊறவைத்துத் தின்றார். பஸ் நம்பர்களை மனப்பாடம் செய்தார். இடது கையால் பல் தேய்த்தால் மூளை விழித்துக்கொள்ளும் என்று எவனோ சொன்னதைக் கேட்டு ஈறெல்லாம் ரத்தம். சீட்டு எழுதாமல் கடைக்குப் போய் நான்கு சாமானுக்கு மூன்றோடு வந்தார். வந்ததும், தன் குடையை எங்கே தொலைத்தாய் என்று மனைவியிடம் சண்டை பிடித்தார். "குடையை நான் தின்னுட்டேன், போதுமா?" என்றாள் அவள். தினமும் ஒரு புதுத் தெரு வழியாக நடந்தால் நல்லது என்று கேள்விப்பட்டு இன்று காலை ஏதோ ஒரு சந்தில் நுழைந்து, சுற்றிச் சுற்றி, அரைமணி தாமதமாக வந்து சேர்ந்தார். கடையைத் திறந்து பெருக்கிக்கூட முடித்திருந்தாள் அவள்.

இத்தனை பாடுபட்டும் அவளை ஜெயிக்க முடியவில்லை என்றால் மனுஷன் என்ன செய்வார்? ஒரு திருட்டு வேலை செய்தார். அவள் வாங்கி மாட்டியிருந்த வக்கீலம்மாவின் கறுப்புக் கோட்டை, யாரும் பார்க்காத நேரத்தில், இடம் மாற்றி வைத்துவிட்டார். அவள் தேடித் திணற வேண்டும், வக்கீலம்மா கத்த வேண்டும், கடைசியில் இவர் சாவகாசமாகப் போய் எடுத்து வர வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

பதினோரு மணிக்கு வக்கீலம்மா மூச்சிரைக்க வந்தார். பன்னிரண்டு மணிக்கு வழக்காம், இன்னொரு கோட்டு கிழிந்துவிட்டதாம். புதுப்பெண் நேராக மூன்றாவது கம்பிக்குப் போனாள். வெறும் கொக்கிதான் தொங்கியது. ஒரு கணம் நின்று, திரும்பிப் பீரோவைப் பார்த்தாள். அவருக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று.

"இரும்மா, நான் பாக்கறேன்" என்று எழுந்தார். கடைக்கோடியில், மாதக்கணக்காக யாரும் வந்து வாங்காத திரைச்சீலைகள் தொங்குகிற இடம். காலையில் வந்ததும் முதல் வேலையாக அங்கேதான் வைத்தார். திரைச்சீலைகளை விலக்கினார். சுவர்தான் இருந்தது. கீழே குனிந்து பார்த்தார், அடுத்த கம்பியைத் துழாவினார். மறைத்து வைத்த கையின் படபடப்புகூட நினைவிருக்கிறது, இடம் மட்டும் இல்லை. வெளியே வக்கீலம்மாவின் குரல் உயர்ந்தது.

திரும்பினால், பின்னால் அவள் நிற்கிறாள், கையில் கறுப்புக் கோட்டு.

"கம்பளி அடுக்குக்கு அடியில வச்சிருந்தீங்கண்ணே. திங்கக்கிழமை. ஏதோ கறுப்பாச் சொருகுனதைப் பாத்தேன்."

"இன்னைக்குக் காலையில…" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். இன்று காலை கடையைத் திறந்தவள் அவள். இன்று வியாழன். அவள் கோட்டை அவர் கையில் கொடுத்து, "நீங்களே குடுத்துருங்க" என்றாள். வக்கீலம்மா வாங்கி மாட்டிக்கொண்டு, பீரோ பீரோதான் என்று சொல்லிவிட்டு ஓடினார்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த நிலையிலும் முதலில் வந்தது பொறாமைதான். தான் செய்த திருட்டுத்தனத்தைக்கூடத் தன்னைவிட இவள் நன்றாக நினைவு வைத்திருக்கிறாளே என்ற பொறாமை. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"வேற ஏதாச்சும் இந்த மாதிரி வச்சிருக்கேனா?"

அவள் துணி அலமாரிகளுக்கு நடுவே உள்ளே போனாள். ஒரு குழந்தையின் மஞ்சள் ஸ்வெட்டரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். மறுபடி போய் ஒரு தலையணை உறையும், டோக்கன் குத்தாத வெள்ளைச் சட்டை ஒன்றும் கொண்டுவந்தாள். அடுத்து அவருடைய குடை வந்தது. அதை அவர் மடியில் வைத்துக்கொண்டார். அவள் மறுபடியும் உள்ளே போனாள்.