மோட்டார் போடும் முன்

தெருக்கோடியில் பிளாஸ்டிக் கழிவு அரைக்கும் ஆலையில் புதிதாக ஒரு பெரிய மோட்டாரை இறக்கிய பிறகுதான் வீட்டு விளக்குகள் அப்படி நடந்துகொள்ள ஆரம்பித்தன. நன்றாக எரிந்துகொண்டிருக்கும் குழல்விளக்கு திடீரென்று மங்கும். மின்விசிறி சோர்ந்து சுற்றும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அக்கம்பக்கத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தையல்காரியால் அப்படி இருக்க முடியவில்லை. அவள் கணவர் கூடத்துக் கட்டிலில் மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தார். கல் உடைக்கும் ஆலையில் காலமெல்லாம் தூசியைத் தின்ற நுரையீரல் அவருக்கு. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரம் ஒன்று கட்டிலோரம் இரைந்துகொண்டே இருக்கும். விளக்கு மங்கினால் அது வீலென்று கத்திவிட்டு நின்றுபோகும்.

ஸ்டெபிலைசர் இல்லாவிட்டால் இயந்திரமே கருகிவிடும் என்றார்கள்; ஒன்று வாங்கி மாட்டினாள். அது அதைவிட மோசம். மின்சாரம் குறைந்ததும் இணைப்பைத் துண்டித்துவிட்டு, எல்லாம் சரியான பிறகும் சில நிமிடங்கள் சாவகாசமாக உட்கார்ந்திருக்கும். அதற்குள் அவர் உதடு நீலம் பாரித்துவிடும். தைத்துக்கொண்டிருக்கும் துணியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி, அவசரத்துக்கென்று மூலையில் வைத்திருக்கும் ஆக்சிஜன் சிலிண்டருக்குக் குழாயை மாற்றி, சாவியைத் திருப்புவாள்.

ஆலையின் எலக்ட்ரீஷியன் யாரென்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. அவள் கணவரின் கூடப்பிறந்த தம்பிதான். சங்கடமே அதில்தான் இருந்தது. தாயார் இறந்த அன்று ஏதோ ஒரு ஆலையில் அவசர வேலையென்று தம்பி தாமதமாக வந்தான். எல்லோர் முன்னாலும் அண்ணன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. ஒரே தெருவில் எதிரெதிரே வந்தாலும் இருவரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள்.

அவள் ஆலைக்குப் போனாள். அரைத்த பிளாஸ்டிக்கின் கருகல் வாடையில் தொண்டை கரகரத்தது. கொழுந்தன் மீட்டர் பலகைக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"என்ன அண்ணி, அண்ணனுக்கு ஏதாவது…"

"இன்னும் இல்ல. உன் மோட்டாரை இப்படியே விட்டா ஆகிடும்."

விஷயத்தைச் சொன்னாள். அவன் முகம் செத்துவிட்டது.

"இது அம்பது எச்பி அண்ணி. ஓடும்போது சாது. கிளம்பும்போது மட்டும் ஆறேழு மடங்கு கரண்ட்டை இழுக்கும். நேரா லைன்ல போடவே கூடாது. கரண்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமா விடுற பேனல் வச்சு மெதுவா எழுப்பணும். அதோட ஆலைக்கும் தெருவுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர்."

"தெரிஞ்சுதான் போட்டியா?"

"முதலாளி, இப்போதைக்கு ஓடட்டும், பேனல் பின்னால வரும்னார். விளக்கு கொஞ்சம் மங்கும், அவ்வளவுதானேன்னு நானும் விட்டுட்டேன்." அவன் கையிலிருந்த டெஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வீட்ல மெஷின் இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லலையே."

"யார் சொல்லுவா? நீதான் வாசப்படி மிதிக்கிறதில்லையே."

அன்றைக்கு ஓர் ஏற்பாடு ஆயிற்று. மோட்டாரைப் போடும் முன் அவன் அவளுக்குப் போன் செய்ய வேண்டும். அவள் குழாயைச் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு, சரி என்றால்தான் அவன் பொத்தானை அழுத்துவான். பேனலுக்கும் முதலாளியை விடாமல் நச்சரிப்பதாகச் சொன்னான்.

ஏற்பாடு நடந்தது. "அண்ணி, போடட்டுமா?" என்பான். "இரு… ம், போடு" என்பாள். விளக்கு மங்கித் தெளியும். ஒருநாள் அவள் சிரித்துவிட்டாள். "உன் மோட்டார் பெரிய வீட்டு மாப்பிள்ளை கணக்கா இருக்கு தம்பி. எழுந்திருக்கும்போதே தெருவையே எழுப்பிடுது."

கட்டிலிலிருந்து கணவர் கேட்டுக்கொண்டிருந்தார். "அவன் மோட்டாருக்கு மூச்சு வரணும்னா நான் என் மூச்சை எடுத்து வைக்கணும். சின்ன வயசுலயும் இப்படித்தான். அவனுக்கு எது வேணும்னாலும் என்கிட்ட இருக்கிறதுதான் வேணும்." சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

ஒருநாள் காலை அவள் அடுப்படியில் இருந்தபோது போன் அடித்தது. கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் அவரே எடுத்துவிட்டார். காதில் வைத்தவரின் மூச்சு மட்டும் இரைந்தது.

"அண்ணே?" என்றது போன்.

"ம்."

"போடட்டுமா?"

அவர் அவளைப் பார்த்தார். அவள் ஓடிப்போய்ச் சிலிண்டரைத் திறந்தாள்.

"போடு" என்றார்.

அதன் பிறகு போனை அவள் தொடவே விடவில்லை. சிலிண்டரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்து வைக்கச் சொல்லி, குழாய் மாற்றவும் பழகிக்கொண்டார். பேச்சு இரண்டு மூன்று சொற்களைத் தாண்டவில்லை. ஒருமுறை மட்டும் "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் வைத்துவிட்டார். சாயங்காலம் வரைக்கும் அவர் முகத்தில் ஒரு வெட்கம் இருந்தது. தம்பியை வீட்டுக்குக் கூப்பிடுங்களேன் என்று அவள் சொன்னபோது, "வரட்டும், பேனலை மாட்டி முடிக்கட்டும்" என்றார்.

முதலாளி கடைசியில் பேனலுக்கு ஒப்புக்கொண்டார். அதை எடுத்து வர எலக்ட்ரீஷியனே பக்கத்து ஊருக்குப் போக வேண்டியிருந்தது. கிளம்பும் முன் மோட்டாரின் ஃபியூஸ்களைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டான். நான் வரும் வரைக்கும் யாரும் இதைத் தொடக்கூடாது என்று ஆலையில் இருந்தவர்களிடம் சொன்னான். அண்ணனுக்கும் போன் செய்து, "இன்னைக்கு மோட்டார் கிடையாது, நிம்மதியா தூங்குங்க" என்றான்.

அந்த நம்பிக்கையில்தான் அவள் தைத்த ரவிக்கைகளைக் கொடுத்துவிட்டு வரக் கிளம்பினாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். சிலிண்டர் காலில் தட்டும் என்று அதைச் சற்றுத் தள்ளிச் சுவரோரம் வைத்துவிட்டுப் போனாள்.

நண்பகலில் ஆலைக்கு ஒரு லாரி சரக்கு வந்தது. அரைத்து உடனே ஏற்ற வேண்டும். எலக்ட்ரீஷியன் வரட்டும் என்று ஆபரேட்டர் இழுத்துப் பார்த்தான். முதலாளி கேட்கவில்லை. அலமாரியில் வேறு ஃபியூஸ்கள் இருந்தன.

வாடிக்கையாளர் வீட்டில் அவள் ரவிக்கையின் கை அளவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே விளக்கு மங்கியது. அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். காசும் வாங்கவில்லை, செருப்பும் போடவில்லை. தெருவில் ஓடி வந்தவளைப் பார்த்து யாரோ என்னம்மா என்னம்மா என்று கேட்டார்கள்.

அவர் கட்டிலில் இல்லை. சுவரோரம் தரையில் உட்கார்ந்து, சிலிண்டர் மேல் சாய்ந்திருந்தார். ஒரு கை சாவியின் மேல் இருந்தது. சாவி திரும்பியிருக்கவில்லை. இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்து, கட்டிலில் கிடந்த குழாய் வழியாகக் காற்றை ஊதிக்கொண்டிருந்தது.

எலக்ட்ரீஷியன் பேனலோடு சின்ன லாரியில் வந்து இறங்கியபோது அண்ணன் வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. உள்ளே வந்து அவர் காலடியில் உட்கார்ந்தான். பையைத் தோளிலிருந்து இறக்க மறந்துவிட்டான்.

இந்த நுரையீரலோடு இவ்வளவு நாள் இருந்ததே பெரிது, எப்போது வேண்டுமானாலும் ஆகியிருக்கும் என்றார் டாக்டர். துக்கம் கேட்க வந்த முதலாளியும் அதையே பிடித்துக்கொண்டார். "கரண்ட் கொஞ்ச நேரம் குறைஞ்சதுக்கா ஒரு மனுஷன் போயிடுவார்? விதிம்மா." அவள் அவருக்குக் காபி கூடக் கொடுக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு கொழுந்தனிடம் கேட்டாள். "அதனாலதானா தம்பி?"

இல்லை என்று அவன் சொல்லியிருக்கலாம். அவள் அதைத்தான் எதிர்பார்த்தாள்.

"தெரியல அண்ணி" என்றான். "நான் அன்னைக்குப் போகாம இருந்திருக்கலாம்."

"நானும்தான்" என்றாள்.

பேனலைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று முதலாளி யோசித்தாராம். அவன் நேராகப் போய் மாட்ட ஆரம்பித்தான். இணைப்பு ஒவ்வொன்றையும் இரண்டு தடவை முறுக்கி, எர்த் கம்பியைப் புதிதாக இழுத்து, வேலையை முழுக்க முடித்தான். மோட்டார் இரைச்சலின்றி மெல்ல வேகம் பிடித்ததைப் பார்த்துவிட்டு, சாவிக்கொத்தை முதலாளி மேஜையில் வைத்தான். சம்பளத்துக்குக்கூட நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பழக்கமான ஒரு பெண்ணின் அப்பாவுக்கு அந்த ஆக்சிஜன் இயந்திரம் தேவைப்பட்டது. தையல்காரி அதைக் கொடுத்துவிட முடிவு செய்தாள். தூக்கிக்கொண்டு கொழுந்தன் கூட வந்தான். அந்த வீட்டு பிளக்கைக் கழற்றிப் பார்த்தான், புதுக் கம்பி போட்டான், மாடிக்குப் போய்ச் சுற்றிலும் எட்டிப் பார்த்தான். பக்கத்தில் ஆலை ஏதாவது இருக்கிறதா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டான். இல்லை என்றாள். அவன் மறுபடியும் கேட்டான்.

திரும்பும்போது இருவரும் பஸ்ஸில் வந்தார்கள். வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள்.

"இன்னொரு நாள் வரேன் அண்ணி. இப்ப அந்தத் தெருவுக்குள்ள என்னால கால் வைக்க முடியல."

முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டான். அவள் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தாள். எந்தப் பக்கம் போவதென்று தெரியாதவன்போல் அவன் அங்கேயே நின்றிருந்தான்.