ஐந்து கிலோமீற்றர் காதல்

தாய்தகப்பன் வைத்த பெயர் தம்பித்துரை. ஜெர்மனியில் ஹம் நகரத்து அகதி விடுதிக்கு வந்த கையோடு அதில் தம்பியை வெட்டி எறிந்துவிட்டு, துரை என்று மட்டும் சொல்லிக்கொண்டு திரிந்தான். துரையாம் துரை! கலாதேவிக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் துரைக்குத்தான் அவளைக் கட்டிவைக்க அண்ணன் புவனேந்திரன் ஒற்றைக்காலில் நின்றான்.

அண்ணன் சொன்ன காரணத்தை இலேசில் தள்ளவும் முடியவில்லை. துரைக்கு விசா குத்தியாகிவிட்டது. அவளுடைய அகதி மனு ஒருமுறை தள்ளுபடியாகி, இரண்டாம் முறை அந்தரத்தில் தொங்கியது. அவனைக் கட்டினால் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் எப்போது கொழும்புக்குப் பிளேன் ஏற்றுவார்களோ என்ற பயம்தான்.

"ஞாயிற்றுக்கிழமை தேவாலய மண்டபத்திலை பாடுறான். கேட்டுப்போட்டு மறுமொழி சொல்லு பிள்ளை," என்றான் புவனேந்திரன். "மாப்பிள்ளை ஒரு ஆர்ட்டிஸ்ற்."

ஆர்ட்டிஸ்ற்றின் கலை முழுவதும் ஒரேயொரு கசற்றில் இருந்தது. ஏதோ ஒரு பழைய இங்கிலீசு பாண்ட், தன் பெயர்போன பாட்டுகளையெல்லாம் பொறுக்கி ஒரே இசைத்தட்டாகப் போட்டிருந்ததாம். அது றேடியோவில் போனபோது துரை பட்டனை அமத்திப் பதிந்துகொண்டான். அந்த பாண்ட் பாடிய மிச்சப் பாட்டுகளைப் பற்றிக் கேட்டால், "நல்லது முழுக்க இதிலை இருக்கு, மற்றது என்னத்துக்கு?" என்பான். இங்கிலீசும் வராது, வந்து மூன்று வருடமாகியும் ஜெர்மனும் வராது. காதில் விழுந்ததை விழுந்தபடி தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்கியிருந்தான். ஊரில் ஆறு வருடம் இங்கிலீசு படிப்பித்த கலாதேவிக்கு வாய்த்தது இது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கேக்கும் கோப்பியும் ஜெர்மன்காரருமாக நிறைந்திருந்தது. கார்த்திகை மாதத்து இருட்டில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மேடையேறினான் துரை. விரலைச் சொடுக்கிச் சொடுக்கிப் பாடினான். சொற்களெல்லாம் அரைபட்டு வந்தன. பாட்டு முடியும் இடத்தில், கசற்றில் சத்தம் தேய்வதுபோலவே தன் குரலையும் தேய்த்தான். பிறகு நெஞ்சில் கை வைத்து, வானத்தைப் பார்த்து, அதே உருக்கத்தோடு "டோன்ற் மூன்... டோன்ற் மூன்..." என்று தொடங்கி ஏதேதோ சொன்னான்.

மண்டபம் வெடித்தது. ஆட்கள் மேசையில் அடித்துச் சிரித்தார்கள்.

பக்கத்தில் இருந்த சிசிலி, நாகர்கோவிலிலிருந்து வந்து இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "டோன்ற் மூன் இல்லம்மா, டோர்ட்முண்ட், பக்கத்து ஊர்! அங்க அஞ்சு கிலோமீட்டர் டிராஃபிக் ஜாம்னு ரேடியோக்காரன் நடுவுல சொன்னதையும் சேர்த்து மனப்பாடம் பண்ணிட்டார்."

கலாதேவிக்குச் சிரிப்பு வரவில்லை. நிலாவைத் தேடி நின்றவன் மேலும் வெறுப்பு, கேக்கை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தவர்கள் மேலும் வெறுப்பு. துரையோ மூன்று தரம் குனிந்து வணங்கினான். திரும்பவும் பாடச் சொல்லிக் கத்தினார்கள். வியர்வை வழிய அவளிடம் இறங்கி வந்தான்.

"கண்டீரோ? சனம் துள்ளுது! எங்கடை கலியாணத்திலையும் இதைத்தான் பாடப்போறன்," என்றுவிட்டு மறுபடி மேடைக்கு ஓடினான்.

புவனேந்திரன் கதிரையை அவள் பக்கம் இழுத்துப் போட்டான். "என்ன பிள்ளை, நாள் வைப்பமோ?"

"எனக்கு ஏலாது அண்ணை."

"ஒரு பாட்டுப் பிழைச்சதுக்கோ? உனக்கு விசா வேணுமோ, சங்கீதம் வேணுமோ?"

"பாட்டுப் பிழைச்சால் திருத்தலாம். உந்த மனிசனுக்குச் சனம் சிரிக்கிறது கைதட்டுற மாதிரிக் கேக்குது. நாளைக்கு இவையள் என்னைப் பார்த்துச் சிரிச்சாலும் உவர் எழும்பி நிண்டு கும்பிடுவார்."

"விசர்க்கதை கதையாதை. அவன் நல்ல பெடியன். மதிப்பா நடத்துவான்..."

"நீங்களும் சிரிச்சனீங்கள் அண்ணை. லேஞ்சியாலை வாயைப் பொத்திக்கொண்டு. நான் பார்த்தனான்."

புவனேந்திரன் கையில் இருந்த லேஞ்சியைச் சுருட்டிக் காற்சட்டைப் பைக்குள் திணித்தான். மேடையில் துரை திரும்பவும் நிலாவைத் தேடிக்கொண்டிருந்தான். கலாதேவி குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு எழும்பினாள். வருகிற கிழமை மனு விசாரணைக்குக் கந்தோரில் கூப்பிடுவார்கள். இனி அங்கே அவள் தனியாகத்தான் போகவேண்டும்.