ஆஸ்பத்திரி மடிப்பு

தெருவின் இரைச்சலெல்லாம் வாசலோடு வாயடைத்துப்போகும் விடுதி அது. துரைமார் காலத்துக் கட்டடம். உயர்ந்த கூரை, சாவதானமாகச் சுழலும் விசிறிகள், நீண்ட வராந்தாவில் பிரம்பு நாற்காலிகள். பதவி உயர்வு கிடைத்த மகன், அப்பாவும் அம்மாவும் மூன்று நாள் தங்கிவர ஏற்பாடு செய்திருந்தான்.

அப்பா தபால் நிலையத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் மாலை, அடுத்த அறையில் தங்கியிருந்த துணிக்கடை முதலாளியோடு வராந்தாவில் பேச்சுக் கொடுத்தார்.

“வீட்டம்மா வேலை பாத்தாங்களா?” என்று கேட்டார் முதலாளி.

“ஆஸ்பத்திரியில முப்பது வருஷம்.”

“அடடே, டாக்டரா!”

அவர் ஆம் என்று சொல்லவில்லை; காப்பிக் கோப்பையைப் பார்த்துச் சிரித்து வைத்தார். சிங்கத்தோல் போர்த்திய கழுதைக்காவது தன் மேல் இருப்பது இரவல் தோல் என்று தெரியும். இவரோ மனைவி அறியாமலே அவள்மேல் போர்த்திவிட்டார்.

மறுநாள் காலை இருவரும் சிற்றுண்டி முடித்துத் திரும்பியபோது, அவர்கள் அறைவாசலில் மேற்பார்வைக்காரி, அறை துடைக்கும் பெண்ணை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

“நேத்துப் போட்ட விரிப்பையே இழுத்துச் சொருகிட்டு, மாத்திட்டேன்னு ஏமாத்தப் பாக்கிறியா?”

“நான் தொடவே இல்லக்கா. விரிச்சிருந்துச்சு, வேற யாரோ முடிச்சிட்டாங்கன்னு நெனச்சேன்.”

“கதை விடாதே. விரிப்பு மூலைய முக்கோணமா மடிச்சு, தலையணை உறையோட வாயக் கதவுக்கு அந்தப் பக்கமாத் திருப்பி... இதென்ன ஆஸ்பத்திரி வார்டா? நாளைக்கு வேலைக்கு வராதே!”

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. விடிந்ததும் மனைவி பழக்கதோஷத்தில் படுக்கையைச் சீராக்கியதை அவர் பார்த்திருந்தார். வாய் திறந்தால் அந்தப் பெண் பிழைப்பாள். ஆனால் நாலடி பின்னால் துணிக்கடை முதலாளி வந்துகொண்டிருந்தார். மனைவியின் முழங்கையைப் பற்றினார்.

“நமக்கெதுக்கு வம்பு? வா, தோட்டத்துக்குப் போலாம்.”

அவள் கையை உதறிவிட்டு முன்னே போனாள்.

“அந்தப் பொண்ண விடுங்கம்மா. விரிச்சது நான்தான். முப்பது வருஷம் வார்டு ஆயாவா இருந்தவ. கண்ணு முழிச்சா கை சும்மா இருக்காது.”

மேற்பார்வைக்காரி பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். “என்கிட்ட எதுக்கு? அவகிட்டக் கேளுங்க,” என்றாள் அம்மா. அதுவும் நடந்தது.

“டாக்டர்னு இல்ல நெனச்சேன்!” என்றார் முதலாளி வெள்ளந்தியாக. “சார்கிட்டக் கேட்டப்போகூட...”

அவள் கணவரை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவர் பின்னாலேயே போனார்.

“நான் டாக்டர்னு சொல்லல...”

“இல்லன்னும் சொல்லல, அப்படித்தானே?” அவள் குரல் உயரவில்லை. “பீத்துணி அலசினப்போகூட எனக்கு வெக்கமா இருந்ததில்லங்க. உங்களுக்கு இருந்திருக்கு. இத்தன வருஷம் ஒரே வீட்டுல இருந்தும் தெரியாமப் போச்சே எனக்கு.”

அவர் போய் அடுத்த அறைக் கதவைத் தட்டினார்.

“நீங்க தப்பா நெனச்சது எனக்கு அப்பவே தெரியும். ஆயான்னு சொல்லக் கூச்சப்பட்டு வாய மூடிக்கிட்டேன். இப்ப அந்தப் பொண்ணு மாட்டிக்கிட்டப்பவும் அதே கூச்சம்தான்.”

“அட, இவ்வளவுதானா! எங்கம்மாவும் நாலு வீட்டுல பாத்திரம் தேச்சவங்கதான் சார். உள்ள வாங்க.”

முதலாளி நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அப்பாவுக்கு. அவரால் வாசற்படியைத் தாண்ட முடியவில்லை.