அம்மா சொன்னதும் ஜெனுஷா சொன்னதும்

ஜெனுஷா இத்தாலியத் தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் தேநீர்த் தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த சனம் உருளைக்கிழங்கு றோல்ஸ் தின்றுகொண்டிருந்தது.

"ஹாட் அற்றாக். நித்திரையிலேயே போயிட்டா," என்றாள் றோஸ்மேரி மாமி, அப்பாவின் அக்கா. எண்ணெய் அவள் தாடையில் மினுங்கியது. அம்மா தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டது மாமிக்கும் தெரியும்.

"எமிலியானாவுக்கு என்ன குறை? போன ஞாயிறும் பூசை முடிய என்னோடை சிரிச்சுக் கதைச்சவ," என்றாள் தேநீர் எடுத்த ஒருத்தி.

அம்மா சிரித்தாள்தான். பிறகு, வீடு இருந்த சீசாப் பகுதியில் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை ஒரு சொல் பேசவில்லை. எசமானி சிஞ்ஞோரா வீட்டு வேலைக்கு அம்மா ஒருநாளும் பிந்தியதில்லை. வீட்டில் மட்டும் குளிக்க மறந்தாள், கறிக்கு உப்புப் போட மறந்தாள். வேலைக் களைப்பு என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

மாசியில் ஜெனுஷாதான் மொழிபெயர்த்துச் சொல்ல அம்மாவை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். என்ன வருத்தம் என்று அவர் கேட்டார்.

"விடியுது எண்டாலே பயமாக் கிடக்கு பிள்ளை. நான் ஒருத்தருக்கும் தேவையில்லை. அப்பிடியே சொல்லு," என்றாள் அம்மா.

ஜெனுஷாவுக்கு வெட்கமாக இருந்தது. இத்தாலிய மொழியில், "நித்திரை இல்லையாம். இடுப்பு வலியாம்," என்றாள்.

மருத்துவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே இரத்தப் பரிசோதனைக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் எழுதினார். "வேறு ஏதாவது?"

அம்மாவிடம் கேட்காமலே இல்லை என்றாள் ஜெனுஷா.

"நீதானே டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனனி?" மாமி இன்னொரு றோலை எடுத்தாள். "அந்தாள் ஒண்டும் கண்டுபிடிக்கேல்லையே?"

"அம்மா சொன்னதை நான் அவருக்குச் சொல்லேல்லை, மாமி."

"என்ன சொன்னவ?"

"சாக வேணும் போலை இருக்கு எண்டதைத்தான் வேறை மாதிரிச் சொன்னவ. எனக்கு விளங்கினது. விளங்காத மாதிரி இருந்திட்டன். அது ஹாட் அற்றாக் இல்லை."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வாயை மூடடி! நாளைக்கு உனக்குக் கலியாணம் பேசேக்கை சனம் என்ன சொல்லும்?"

மாமியின் வாயில் பாதி மென்ற உருளைக்கிழங்கு தெரிந்தது. அருவருப்பில் முகத்தைத் திருப்பினாள் ஜெனுஷா. எதிர்க் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையும் அவளால் பார்க்க முடியவில்லை.

மூலையில், மூன்று நாளாக வாய் திறக்காத அப்பா றொஜர், பக்கத்துக் கதிரையில் கிடந்த தன் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஜெனுஷா தட்டை வைத்துவிட்டு அந்தக் காலியான கதிரையை நோக்கி நடந்தாள்.