ஆமாவா, இல்லையா?

பாண்டுரங்கனிடமிருந்து வந்த அந்த அழைப்பு ஒரு நிமிடம்கூட முழுசாக ஓடவில்லை. லூர்துமேரி அப்போது ஊரூர் குப்பத்துச் சாலையோரத்தில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதிள் சீவிக்கொண்டிருந்தாள். தெரியாத நம்பர், நீளமான நம்பர். காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, "யாரு?" என்றாள்.

"மேரி, நான்தான். வேற ஒருத்தங்க போன்ல பேசறேன். கப்பலைப் புடிச்சி வச்சிட்டானுங்க. நீ போயி அந்த ஏஜென்சிக்காரன்கிட்ட..."

அதற்குள் யாரோ ஓர் ஆண் அதட்டும் சத்தம். லைன் அறுந்துவிட்டது.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அதே நம்பரைத் திரும்பப் போட்டாள். எடுத்தது ஒரு பெண். மடை திறந்ததுபோல என்னவோ பேசினாள். ஒரு சொல்லும் புரியவில்லை. "பாண்டு... என் வூட்டுக்காரர்... பாண்டு" என்று இவள் திணற, அந்தப் பெண்ணும் உற்சாகமாக "பாண்டு! பாண்டு!" என்றாள். மறுபடியும் வெள்ளம்.

போன வருஷம்தான் பாண்டுரங்கனும் குப்பத்து ஆட்கள் இன்னும் மூன்று பேரும் டான்சானியாவுக்கு மீன்பிடி கப்பல் வேலைக்குப் போனார்கள். அசோக் நகரில் இருக்கும் ஓர் ஏஜென்சி அனுப்பி வைத்தது. அந்த ஏஜென்சியை அறிமுகப்படுத்தியவன் பாண்டுரங்கனின் தம்பி பாரத். கூடப் போன மூவரில் ஒருவன், பக்கத்துச் சந்து ஜான்சியின் கணவன்.

அன்று மத்தியானமே லூர்துமேரி பாரத்தை இழுத்துக்கொண்டு ஏஜென்சிக்குப் போனாள். மேனேஜர் பெயர் கிரீஷ். சிரித்த முகம், மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை.

"அக்கா, பயப்படாதீங்க. கப்பல் நடுக்கடல்ல இருக்கு. அங்க சிக்னலே கிடையாது. உங்களுக்கு வந்தது ஏதோ ஃபிராடு கால். இப்பல்லாம் ஏஐ வச்சு குரலையே மாத்திடுறானுங்க."

"என்னை மேரின்னு கூப்புட்டாருங்க. அது இன்னா ஏஐயா?"

கிரீஷ் பாரத்தைப் பார்த்தான். பாரத் அவளை வெளியே அழைத்துவந்தான். "அண்ணி, நீ கம்முனு இரு. ஆம்பளைங்க நாங்க பேசிக்கிறோம். நீ கத்தினா அண்ணனுக்குத்தான் வேலை போவும்."

கம்மென்று இருக்கிற பழக்கம் லூர்துமேரிக்குப் பிறவியிலேயே கிடையாது. அவள் மாதா கோயில் வீட்டுப் பெண். பாண்டுரங்கன் எல்லையம்மன் கோயில் வீட்டுப் பையன். கல்யாணம் செய்துகொண்டு வந்தபோது இரண்டு வீட்டிலும் கதவைச் சாத்தினார்கள். மாமியார் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்தவள், கதவு திறக்கிறவரை எழுந்திருக்கவில்லை. அப்படிப்பட்டவளிடம்போய் கம்முனு இரு என்றான் பாரத்.

அவளும் ஜான்சியும் முதலில் மொழிபெயர்க்கிற ஆப்பை முயன்று பார்த்தார்கள். ஜான்சி பிளஸ் டூ படித்தவள்; அது ஸ்வாஹிலி மொழி என்று கண்டுபிடித்தவள் அவள்தான். ஒரு போனில் இவள் தமிழில் சொல்ல, அது ஸ்வாஹிலியில் பேசுவதை இன்னொரு போனின் வாயருகே பிடித்தார்கள். எந்திரக் குரலைக் கேட்டதும் அந்தப் பெண் வைத்துவிட்டாள். மறுபடி போட்டபோது திட்டினாள். திட்டு எந்த பாஷையில் இருந்தாலும் திட்டு என்று தெரிந்துவிடுகிறது.

"மெஷினு பேசினா நான்கூடத்தான் வச்சிடுவேன்" என்றாள் லூர்துமேரி. "நானே பேசறேன். கேக்கறதுக்கு மட்டும் கத்துக்கிறேன். எத்தினி வார்த்தை கீது, கேக்கறதுக்கு?"

யூடியூபில் பாடம் கிடைத்தது. பாடம் இங்கிலீஷில் இருக்க, ஜான்சி நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள். யார் என்றால் நானி. என்ன என்றால் நீனி. எங்கே, வாப்பி. எப்போது, லீனி. ஏன், க்வா நீனி. லூர்துமேரி மீன் அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பெசன்ட் நகர் தெருத்தெருவாக அதையே முணுமுணுத்தபடி நடந்தாள். வழக்கமாக வஞ்சிரம் வாங்கும் வீட்டம்மா கேட்டாள், "என்ன மேரி, ஜெபமா?"

"கேள்விங்க ஆன்ட்டி. பதில் அங்க ஒருத்திகிட்ட கீது."

வெளிநாட்டு ரீசார்ஜ் போட்டுக்கொண்டு கூப்பிட்டாள். தொண்டையைச் செருமி, மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் சொன்னாள். "ஹபாரி? மீமி மேரி. பாண்டு மூமே வங்கு. யூகோ வாப்பி?" நலமா, நான் மேரி, பாண்டு என் புருஷன், அவர் எங்கே இருக்கிறார்.

 அந்தப் பக்கம் ஒரு பெரிய சிரிப்பு. அப்புறம் வெள்ளம், முன்னைவிடப் பெரிய வெள்ளம். நன்றாகப் பேசுகிறாளே என்று அந்தப் பெண் இன்னும் வேகமெடுத்துவிட்டாள். லூர்துமேரிக்கு அழுகை முட்டியது. கேள்வி கேட்கத் தெரிந்து என்ன பயன்? குடத்தை வைக்காமல் குழாயைத் திறந்துவிட்ட கதையாக அல்லவா இருக்கிறது!

அன்று சாயங்காலம் கரையில் உட்கார்ந்து யோசித்தபோது அவளுக்கு ஒன்று பிடிபட்டது.

"ஜான்சி, எங்கன்னு கேட்டா ஊர்க்கதையெல்லாம் சொல்றா. ஆமா, இல்ல, இந்த ரெண்டுல ஒண்ணைச் சொல்ற மாதிரியே கேட்டா?"

ஆமாம் என்றால் ந்தியோ. இல்லை என்றால் ஹப்பானா. "ஆமாவா இல்லையா, அதை மட்டும் சொல்லு" என்பதற்கு, "சேமா ந்தியோ அவ் ஹப்பானா." அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற அளவுக்குத் தேய்த்தாள்.

மறுநாள் முதல் கேள்வி எது என்று இருவருக்குமே தெரியும். ஜான்சி வாயால் சொல்ல மறுத்துவிட்டாள். லூர்துமேரிதான் கேட்டாள்.

"பாண்டு யூகோ ஹாயி?" உயிரோடு இருக்கிறாரா?

"ந்தியோ! ந்தியோ, யூகோ ஹாயி!"

அவள் அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஜான்சி அவளை உலுக்கி, "என் வூட்டுக்காரரு? அவரைக் கேளு!" என்றாள். கேட்டாள். அவனும் ந்தியோ.

நோயாளி என்பதற்கான சொல் வாயில் நுழையவே இல்லை. ம்கோஞ்ஜ்வா. இரண்டு தடவை தப்பாகச் சொல்லி, மூன்றாவது தடவை அந்தப் பெண்ணே திருத்திக் கொடுத்தாள். ஹப்பானா, சீக்கு ஏதுமில்லை. சாப்பிடுகிறாரா? "ந்தியோ... கிடோகோ." புதுச் சொல். ஜான்சி தேடிப்பார்த்தாள். கொஞ்சம்.

அந்தப் பக்கம் எண்ணெய் பொரிகிற சத்தமும் யாரோ பேரம் பேசுகிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. நீ என்ன விற்கிறாய் என்று பாடத்தில் ஒரு கேள்வி வந்தது நினைவுக்கு வந்து, லூர்துமேரி கேட்டுவைத்தாள். "சமாக்கி!" என்றாள் அவள். மீன்.

"மீமி பியா!" என்று லூர்துமேரி கத்தினாள். நானும்தான்! "சமாக்கி! மீமி பியா சமாக்கி!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் பெயர் சுஹூரா என்று அன்றுதான் தெரிந்தது.

இடத்தைக் கண்டுபிடித்ததும் இதே முறையில்தான். ஜான்சி போனில் வரைபடத்தைப் பெரிதாக்கி, கடலோர ஊர்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். கப்பல் மொம்பாசாவிலா? ஹப்பானா. சான்சிபாரா? ஹப்பானா. தார் எஸ் சலாமா? ஹப்பானா. டாங்கா?

"ந்தியோ, ந்தியோ! டாங்கா!"

நடுக்கடலிலா? ஹப்பானா. துறைமுகத்திலா? ந்தியோ. கப்பல் முதலாளி இருக்கிறாரா? அதற்கு அவள் ஆமாம் இல்லை என்று சொல்லவில்லை, "அமேக்கிம்பியா" என்றாள். ஜான்சி அதைத் தேடி எடுத்தாள். எடுத்ததும் அவள் முகம் மாறியது.

"ஓடிட்டானாம், மேரி."

பாண்டுரங்கனிடமே பேச வேண்டும், நாளைக்கு நாலு மணிக்குப் போனை அவரிடம் கொடு என்று கேட்டுப் பார்த்தாள். சா ன்னே, நாலு மணி. சுஹூராவும் சரி என்றாள். அந்த ஊரில் மாலை நாலு என்றால் இங்கே ஆறரை. ஆறரைக்குப் போட்டால் சுஹூரா வீட்டிலிருந்து கோபமாகக் கத்துகிறாள். ஜான்சி தேடிப்பார்த்தாள்; அங்கே மணிக்கணக்கு விடியற்காலை ஆறிலிருந்து தொடங்குகிறதாம். அவர்கள் நாலு மணி, நம் கணக்கில் காலை பத்து. பாவம், பத்து மணிக்குத் துறைமுக வாசலில் காத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள். லூர்துமேரி தனக்குத் தெரிந்த மன்னிப்புச் சொல்லையெல்லாம் சொன்னாள். மறுநாளைக்கு அதே சா ன்னே, காலை என்று முடிவானது. இங்கே பன்னிரண்டரை.

"பன்னெண்டரைக்கு நாம எங்க இருக்கணும்னு தெரியுமா?" என்றாள் ஜான்சியிடம். "அசோக் நகர்ல."

மற்ற இரண்டு வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போனார்கள். விஷயம் தெரிந்து பாரத்தும் பின்னாலேயே ஓடிவந்தான், அண்ணியைத் திருப்பி அழைத்துப்போக. ஏஜென்சியின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு லூர்துமேரி உள்ளே போனாள். காலையில் விற்ற மீனின் வாசனை புடவையில் இருந்தது. ரிசப்ஷன் பெண் மூக்கைச் சுளித்தாள்.

"கப்பல் எங்க கீது?" என்றாள் கிரீஷிடம்.

"அக்கா, அன்னைக்கே சொன்னேன்ல? நடுக்கடல்..."

"டாங்கா ஹார்பர்ல கட்டிப்போட்டு கீது. ஓனர் ஓடிப்பூட்டான்."

கிரீஷின் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "யார் சொன்னது?"

"சுஹூரா."

"அது யாரு?"

"மீன் விக்கிறவ."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "ஆப்பிரிக்காவுல மீன் விக்கிற பொம்பள உங்களுக்குத் தமிழ்ல சொன்னாளா? பாரத், கூட்டிட்டுப் போங்கப்பா. நிறைய வேலை இருக்கு."

"அண்ணி, வா" என்று பாரத் கையைப் பிடித்தான். அவள் உதறினாள். போனை எடுத்து மேசைமேல் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டாள். ஜான்சி தன் போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தாள்.

"ஹபாரி, சுஹூரா. பாண்டு யூகோ?"

சுஹூரா ஏதோ சொன்னாள், பாதிதான் புரிந்தது. பிறகு அவள் இவளிடம் பேசவில்லை. ஓர் ஆணின் குரல் தடுத்தது. அன்றைக்கு லைனை அறுத்த அதே அதட்டல். சுஹூரா பதிலுக்குக் கத்தினாள். அவன் கத்தினான். அவள் அதைவிட உரக்கக் கத்தினாள். என்ன சொல்கிறாள் என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. ஆனால் மீன் விற்கிற பெண்ணொருத்தி காவல்காரனிடம் வழி கேட்காமல் வழி எடுத்துக்கொள்கிறாள் என்று குப்பத்துப் பெண்கள் நாலு பேருக்கும் நன்றாகவே புரிந்தது. "வுடாத, சுஹூரா" என்று லூர்துமேரி தமிழிலேயே சொன்னாள். செருப்புச் சத்தம். காற்றின் இரைச்சல். அப்புறம்,

"மேரி?"

பாண்டுரங்கனின் குரல்.

"சொல்லுய்யா" என்றாள்.  "ஸ்பீக்கர்ல கீற. கிரீஷ் சாரு எதிர்ல உக்காந்துகினு கீறாரு. பாரத்தும் கீறான். நல்லா உரக்கச் சொல்லு."

பாண்டுரங்கன் சொன்னான். முதலாளி துறைமுகத்துக்குப் பணம் கட்டாமல் ஓடிப்போனதை, பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்திருப்பதை, கரையில் இறங்கவிடாததை, மாவும் உப்பும்தான் மிச்சம் என்பதை, இந்த அம்மா கொடுக்கிற மீனில்தான் நாலு பேரும் காலம் தள்ளுவதை. "கிரீஷுக்குப் போன மாசமே கேப்டன் போன்லேர்ந்து சொன்னோம் மேரி. பாத்துக்கிறேன்னாரு."

கிரீஷ் போனை நோக்கிக் கையை நீட்டினான்.

"கையை எடு" என்றாள் லூர்துமேரி.

"அக்கா, நான் விளக்கமாச் சொல்றேன். இதுல ஷிப்பிங் லா, போர்ட் ரூல்ஸ்னு..."

"விளக்கம் வேணாம். நான் கேக்கறதுக்கு ஆமாவா, இல்லையா, அத்த மட்டும் சொல்லு. போன மாசமே உனக்குத் தெரியுமா?"

"அது வந்து..."

"ஆமாவா, இல்லையா?"

ஜான்சியின் போன் அவன் முகத்துக்கு நேராக இருந்தது. பாரத் வாசலிலிருந்து நகர்ந்து வந்து அண்ணியின் பக்கத்தில் நின்றான். "சொல்லுங்க சார்" என்றான். "நான் உங்களை நம்பித்தானே எங்க அண்ணனை அனுப்பினேன்?"

"...ஆமா."

"நடுக்கடல்ல கீதுன்னு சொன்னது பொய்யி. ஆமாவா, இல்லையா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆமா."

அன்று அவர்கள் யாரும் அந்த அறையைவிட்டு அசையவில்லை. இந்தியத் தூதரகத்துக்கு நாலு பேர் பெயரும் கப்பல் பெயரும் போட்டு அவன் மெயில் அனுப்பி, அதை ஜான்சி படித்துப் பார்த்து, போன பிறகுதான் எழுந்தார்கள். வீடியோ அன்றைக்கே குப்பத்தைத் தாண்டிப் பரவியது. டிவிக்காரர்கள் வந்தார்கள். அலைச்சலும் மனுவும் கையெழுத்துமாக நாள்கள் ஓடின. ஒரு காலையில் நாலு பேரும் மீனம்பாக்கத்தில் வந்து இறங்கினார்கள். பாண்டுரங்கன் பாதியாக இளைத்திருந்தான். கூட்டத்தில் லூர்துமேரி அவனைத் தேட, அவன்தான் அவளைக் கண்டுபிடித்தான்.

அடுத்த வாரம் கிரீஷ் பாண்டுரங்கனுக்குப் போன் செய்தான். நாலு வீட்டுப் பெண்களும் போலீசில் கொடுத்திருந்த புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொன்னான். வேறொரு நல்ல கம்பெனி இருக்கிறதாம். பாண்டுரங்கன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "வந்து சேந்துட்டோம் இல்ல மேரி? போனது போவட்டும். அவனுக்கு ஆள் பலம் கீது."

"போவாது" என்றாள். "நாளைக்கு வேற ஒருத்தன் வூட்டுக்காரனை அனுப்புவான். அவன் பொண்டாட்டி எங்க போயி எந்த பாஷை கத்துக்கினு வருவா?"

அன்றே புடவை மாற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள். பாண்டுரங்கன் கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான். வாக்குமூலம் எழுத உட்கார்ந்த ஏட்டு, பேனாவைத் திறந்துகொண்டே அவனைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க" என்றார்.

"அவரு அப்புறம் சொல்லுவாரு சார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள் லூர்துமேரி. "மொதல்ல நான் சொல்றத எழுதிக்குங்க."